உன் பெயரில் நான் ஏற்றிய வேகம்

என் அன்பு மச்சான் ரவிக்கு,

என் தங்கை செல்வி நன்றாக இருக்கிறாள். உன் மகள் தர்ஷினி இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டாள். ஹட்டனில் நம் கடை அதே மாடியில், அதே ஒழுகும் கூரையோடு நடக்கிறது. பழுது பார்க்க வரும் கம்ப்யூட்டர்களுக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆள் இல்லை. நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிட்டேன். இனிக் கெட்டது. உன் பெயரில் நான் ஒரு காரியம் செய்தேன், அதனால் உன் மகளின் ஒரு வருடப் படிப்பு கைநழுவப் பார்த்தது. நம் ஊர் அக்கரப்பத்தனையில் பாதிப் பேருக்கு இது அரைகுறையாகத் தெரியும். முழுதாக உனக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ என் கூட்டாளி. சேர்ந்துதான் கடை போட்டோம். மேசை ஒன்று, குணம் இரண்டு. உனக்கு வெப்பநிலை காட்டும் மென்பொருள்தான் உயிர். எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதைப் போட்டு, திரையின் மூலையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பாய். ப்ரொசசர் எத்தனை பாகை, காற்றாடி எத்தனை சுற்று, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, இதெல்லாம் உனக்குக் கிரிக்கெட் ஸ்கோர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வரும் மெஷின்களுக்குள் அடுப்புப் புகை கரியாகப் படிந்திருக்கும். நீ அதைத் துலக்கிவிட்டு, கொண்டுவந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவாய். "பாருங்கக்கா, வரும்போது எண்பத்தெட்டு, இப்ப அறுபது. காய்ச்சல் எறங்கிருச்சு." அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் சிரித்த முகத்தோடு படியிறங்கிப் போவார்.

எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றி இறக்கும் மென்பொருள்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு மெஷினிடமிருந்து இன்னும் கொஞ்சம் வேலையைக் கறந்துவிட்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். "ஏன்டா அதப் போட்டு நோண்டுற? ஓடுறத ஓட விடேன்" என்பாய். "நீ காய்ச்சல் பாக்குற டாக்டர், நான் ஊசி போடுற டாக்டர்" என்பேன். "ஊசி போட்டே கொன்னுருவ" என்று சிரிப்பாய்.

தர்ஷினிக்குக் கொழும்புப் பக்கம் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்ததும், நீயே அவளுக்கு ஒரு மெஷின் சேர்த்தாய். ஒவ்வொரு பாகமாக வாங்கி, பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாய். அதை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. பூட்டி முடித்து, முழுப் பாரம் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி வெச்ச மாதிரியே இருக்கட்டும். புள்ள படிக்கிற மெஷின்" என்றாய். அவள் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அன்றைக்கே போய்விட்டாய்.

கருமாதி முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். மெஷின் அலமாரியில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். ப்ரொசசரின் வேகத்தை ஏற்றினேன், அதற்குத் தக்கபடி வோல்டேஜையும் ஏற்றினேன். இரைச்சல் அவள் படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று காற்றாடியைக் குறைத்தேன். இரண்டு நாள் அழுதுகொண்டே அந்த எண்களோடு மல்லுக்கட்டினேன். நீ கொடுக்கும் கடைசிப் பொருள் ஊரிலேயே வேகமானதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை. எல்லாம் சரிவந்ததும், அந்த அளவுகளைச் சேமிக்க மென்பொருள் ஒரு பெயர் கேட்டது. "அப்பா" என்று அடித்தேன்.

சோதித்தபோது எழுபத்திரண்டு பாகைக்கு மேல் ஏறவில்லை. ஏறாதுதான். ஆடி மாதம், வெளியே மழையும் காற்றும், கடைக்குள் நான் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குளிரில் எந்த மெஷின் சுடும்? இது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனின் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

மெஷினை எடுத்துப்போக தர்ஷினி வந்தாள். திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, இது அப்பா வெச்சதா?"

"ஆமாம்மா. ஒனக்குன்னே ஒவ்வொரு நம்பரா பாத்துப் பாத்து வெச்சாரு."

திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

மெஷின் போர்வையில் சுற்றி பஸ்ஸில் போனது. அவள் வாடகைக்குத் தங்கிய போடிங் அறைக்குத் தகரக் கூரை. முதல் மாதங்களில் எப்போதாவது தானாக அணைந்தது. நான் போனிலேயே தூசி என்றேன், வயர் என்றேன், கரண்ட் சரியில்லை என்றேன். மாசி, பங்குனியில் தினமும் அணைந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடு என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. அப்பா வைத்ததை மாற்றக்கூடாதென்று, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தனக்கென்று இருந்த ஒரே மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்த்துக் கொட்டியபடி படித்திருக்கிறாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம் போனில் கோல் எடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த இடத்துக்கு, ஒரு புதுக் கட்டடம் வரைந்திருந்தாள். அதை மெஷின் படமாக்கி முடிக்க ஏழு மணி நேரம் வேண்டும். மூன்று தடவையும் பாதியில் அணைந்துவிட்டது. நாளை மறுநாள் காலையில் கொடுக்காவிட்டால் முழு வருடத்தையும் திரும்பப் படிக்கவேண்டும் என்று அழுதாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அறைக்குள் கால் வைத்ததுமே எனக்கு வேர்த்தது. நீ போட்டுக்கொடுத்த வெப்பநிலை மென்பொருள் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. அதைப் பார்த்த அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஹட்டன் குளிரில் சோதித்துவிட்டுக் கொழும்பு வெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"மாமா, அப்பாவோட நம்பர மட்டும் மாத்தாதீங்க. வேற எதாச்சும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குச் செவ்விளநீர் வாங்கத் தெருச் சந்திக்குப் போனாள்.

எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது மச்சான். வேகத்தைக் குறைத்து, அதே "அப்பா" பெயரில் திரும்பச் சேமித்தால் காரியம் முடிந்தது. மெஷினும் ஓடும், அவளும் சந்தோஷப்படுவாள், நானும் நல்லவனாக ஊர் திரும்பலாம். எண்களை மாற்றியும்விட்டேன். சேமிக்க ஒரு தட்டுத்தான் பாக்கி. அப்போதுதான் மெஷினைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காற்றாடியும், அவள் நாற்காலியில் போட்டிருந்த வேர்வை நாறும் துவாயும் கண்ணில் பட்டன. நான் சொன்ன ஒரு பொய்க்காகப் பிள்ளை எட்டு மாதம் இந்த அறையில் வெந்திருக்கிறாள். எனக்கு என்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்ததும், இளநீரைக் கையில் வாங்காமலேயே சொன்னேன்.

"தர்ஷினி, இது அப்பா வெச்சதில்லம்மா. நான் வெச்சது."

"பேரு?"

"பேரும் நான்தான் போட்டேன்."

"அப்ப அப்பா என்னதான் வெச்சாரு?"

"ஒண்ணும் வெக்கல. கம்பெனி வெச்ச மாதிரியே இருக்கட்டும்னாரு. என்னையும் தொடக்கூடாதுன்னுதான் சொன்னாரு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எட்டு மாசமா உங்க நம்பரையா மாமா நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள்.

என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். "அப்பா" என்று இருந்ததை அழித்தாள். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனாள். மெஷின் அணைந்து எழுந்தது, காற்றாடி நன்றாக இரைந்தது, வெப்பநிலை எண்பத்திரண்டில் போய் நின்றது. படமாக்கும் வேலையை மறுபடி தொடங்கினாள். மாலை வரைக்கும் இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் ஓர் எண்ணைப் பார்த்திருக்க உன் ஒருவனால்தான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

படம் முடிந்தது. கொடுத்தாள், பரீட்சையிலும் சித்தியடைந்தாள். ஆனால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஊருக்கு வந்ததும் செல்வியிடம் நானே போய்ச் சொன்னேன். "மெஷினக் கெடுத்தது போகட்டும்ண்ணே. அவர் செய்யாதத ஏன் அவர் செஞ்சாருன்னு சொன்னீங்க? அவர் செஞ்சது பத்தாதா?" என்றாள்.

போன வாரம்தான் தர்ஷினி மறுபடி கோல் எடுத்தாள். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"மாமா, அப்பாவப் பத்தி நீங்க சொன்னதுல வேற எது பொய்?"

ஒன்றா இரண்டா? நீ போனபிறகு உன்னை நான் நிறையவே ஏற்றிவைத்திருக்கிறேன். நீ கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை என்று சொல்லியிருந்தேன். கெரம் விளையாட்டில் தோற்றால் போர்டையே கவிழ்த்துவிட்டுப் போவாய் என்று இப்போது சொன்னேன். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஆட்டோவுல அப்பா என் பேரச் சொன்னாருன்னீங்களே. அது?"

இதை மட்டும் கேட்கமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.

"இல்லம்மா, சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னாரு?"

"'கடைய பூட்டுனியாடா'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் பேசல."

பிள்ளையின் மனதை உடைத்துவிட்டேன் என்று பயந்தேன். அவள் சிரித்தாள் மச்சான். சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, "அதான் மாமா அப்பா. அது அப்பாவேதான்" என்றாள்.

தீபாவளிக்கு வருகிறாள். உன்னைப் பற்றிக் கேட்க இன்னும் நிறைய இருக்கிறதாம். நீ இருந்தபடியே சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். இனி உன்மேல் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், இது உனக்குச் செய்து தரும் சத்தியம். அன்றைக்கு ஆட்டோவில் நீ கேட்டபோது, "பூட்டிட்டேன் மச்சான்" என்றேன். பூட்டவில்லை. விரியத் திறந்தபடி போட்டுவிட்டுத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உன் செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்,
லோகு