பவித்ரா வாட்ச்சைக் கழற்றி வைத்தாள்

ஜூன் 8, ஞாயிறு

பவித்ரா எதிர்வீட்டுத் தீபாவை அறைந்துவிட்டாள். தீபா படியில் விழுந்து நெற்றியில் ரெண்டு தையல். காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

என் மகளுக்கு அஞ்சு வயசு, அந்தப் பிள்ளைக்கு நாலு. மாடிப்படியில் கடை வைத்து விளையாட்டு. சரக்கு, நான் என் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட சாம்பிள் டைல்ஸ். தீபா ஒன்றைப் போட்டு உடைத்திருக்கிறாள். அதற்குத்தான்.

ஆஸ்பத்திரி, மருந்து, பிஸ்கட் பாக்கெட், எல்லாம் நான். தீபா அம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “புள்ளைங்க சண்டைதாண்ணே. ஆனா உங்க பொண்ணு அடிச்சது புள்ளைங்க அடிக்கிற மாதிரி இல்ல. கையில இருந்த பொம்மை வாட்ச்ச கழட்டி ஓரமா வெச்சா. அப்புறந்தான் அடிச்சா.”

வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கியபடியே, “நீங்களும் அப்படித்தானே” என்றாள்.

நானா?

ஜூன் 9, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. வெள்ளை சிமெண்ட் 12 மூட்டை வந்தது. இறக்க ஆள் இல்லை, நானே இறக்கினேன். முதுகு போச்சு. ஏழுமலை இன்றும் வரவில்லை. ஆறு வருஷமாக என்னிடம் லோடு இறக்குகிறவன். வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி தரை டைல்ஸை நழுவவிட்டான். ஒரு அறை விட்டேன். பவி அப்போது கல்லா மேல் உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தாள்.

வாட்ச்சைக் கழற்றினேனா? யோசித்துப் பார்த்தேன். கழற்றித்தான் இருக்கிறேன். அடித்தால் ஸ்ட்ராப் பின் தெறித்துவிடும். பில் புக் மேல் வைத்தேன், முகம் மேலே பார்க்கிற மாதிரி. ஞாபகமே இல்லாமல் கை செய்த வேலை.

சாயங்காலம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பவி தனியாக விளையாட்டு. அவளுடைய துணிப் பொம்மைக்குப் பேர் ஏழுமலையாம்! தலையில் டைல்ஸ் துண்டை வைக்கிறாள். விழுகிறது. வாட்ச்சைக் கழற்றி ஸ்லேட் மேல் வைக்கிறாள், முகம் மேலே. நாக்கை மடக்கிக் கடிக்கிறாள். “எத்தினி வாட்டி சொல்றது ஒனக்கு?” பளார்.

என் குரல். என் நாக்கு. அஞ்சு வயசுக் குழந்தை இப்படிக் காப்பி எடுக்குமா? ஒரே ஒரு தடவை பார்த்து!

அதோடு நிறுத்தவில்லை. பொம்மையைக் குனிய வைத்து உடைந்த துண்டெல்லாம் பொறுக்க வைத்தாள். பிறகு சுவர் ஓரமாகத் தூக்கிப் போய், தன் கைக்குட்டையால் அதன் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னாடா பண்ற?”

“ஏழுமலை அண்ணன் அழுவுதுப்பா. குடோனாண்ட.”

அவன் அழுதது எனக்குத் தெரியாது. நான் அப்போது வாட்ச்சைக் கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்று ஞாபகம் வந்தது. பத்தொன்பது வயசில் இரும்புக்கடையில் மூட்டை தூக்கினேன். அந்த முதலாளி சாவி கொடுக்கிற வாட்ச் கட்டியிருப்பார். கழற்றி பில் புக் மேல் வைத்தார் என்றால் எங்களில் யாருக்கோ விழப் போகிறது என்று அர்த்தம். ரெண்டு தடவை எனக்கு. அன்றைக்கு எனக்குச் சொந்தமாக வாட்ச் கூட இல்லை. ஆனால் பார்த்து வைத்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பவிக்கு. தீபா எதைப் பார்த்து வைத்தாளோ.

குறிப்பு: செல்விக்குத் தலைவலி மாத்திரை. பவி ஸ்கூல் ஷூ.

ஜூன் 11, புதன்

சேதராப்பட்டு போனேன், பஸ்ஸில். ஏழுமலை வீட்டு வாசலில் பல் குச்சியோடு நின்றான்.

“வாங்க மொதலாளி. இன்னொரு கன்னம் பாக்கி இருக்குதேன்னு வந்தீங்களா?”

சிரிக்க முடியவில்லை. தீபா தையல், வாட்ச், பொம்மை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். “எம் பேரா வெச்சிருக்குது பாப்பா? அந்த ஏழுமலைக்காவது கூலி ஒழுங்கா குடுக்குதா?”

பிறகு சிரிப்பு நின்றது. “தப்புன்னு இங்க தனியா சொல்லாதீங்க. பாப்பா பாத்துச்சி இல்ல, அது எதிர்லயே சொல்லுங்க. கூலியில பத்து ரூவா ஏத்திக்குடுங்க. இனிமே கை வெச்சா நான் எதுத்த கடைக்குப் போயிடுவேன்.”

ஆள் முன்னாடி மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதுதான். கோரிமேட்டில் இறங்குகிற வரைக்கும் முடிவு எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

லேசான தூறல். நாலரை மணிக்கு பவி ஸ்கூல் விட்டு வந்ததும் கல்லா மேல் உட்கார வைத்தேன். அதே இடம். வரச் சொல்லியிருந்த ஏழுமலை எதிரே நின்றான். “அன்னிக்கு நான் உன்ன அடிச்சது தப்பு, ஏழுமலை” என்றேன். தொண்டை கட்டிப் பாதிதான் வெளியே வந்தது. கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “சரி உடுங்க மொதலாளி” என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு லோடு இறக்கப் போய்விட்டான்.

பவி கண் சிமிட்டவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

நானும் செல்வியும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் பவி தானாகவே எதிர்வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

தீபா கையைப் பிடித்தாள். “அன்னிக்கு நான் உன்ன அடிச்சது தப்பு, தீபா.” தொண்டையைக் கூடக் கட்டிக்கொண்டாள்! கடைசி வார்த்தையைப் பாதியில் விழுங்கினாள், நான் விழுங்கின மாதிரியே.

தீபா பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு யோசித்தாள். “பொம்மை குடு. பத்து நாளு.”

“கட்டாது. அஞ்சு நாளு.” என் பேச்சு. கிளம்பிப் போகிற மாதிரி ரெண்டு அடி வைத்தாள், அதுவும் என்னுடையது. தீபா கூப்பிட்டாள்.

முடிவான பேச்சு: பொம்மை ஏழுமலை எட்டு நாள் தீபா வீட்டில். டைல்ஸ் தூக்க வைக்கலாம். போட்டு உடைத்தாலும் அடிக்கக் கூடாது.