அப்பாவின் விரிப்பு

ஞாயிறு, இரவு.

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் விரிப்பை இன்று நானும் தம்பியும் துவைத்தோம். பிறை ஊர்த் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து அவன் நேராக வந்திருந்தான். மலம் என் கையில் பட்டதும் "ச்சீ!" என்று கத்தினேன்.

"விடுக்கா, நான் கசக்குறேன்லா. நீ ஒரு முனையப் புடி, புழிவோம்."

ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். தண்ணீர் அவன் முகத்தில் பீய்ச்சியடித்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகுதான் கவனித்தேன், அப்பாவின் அறைக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இனிமே எனக்குச் சோறு கம்மியா போடும்மா," என்றார்.

வழக்கம்போலத்தான் போட்டேன். பாதியை ஒதுக்கிவிட்டார்.

சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் கை நாறுகிறது. அதைவிட என் வாய்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.