சவரிமுத்துவின் பஞ்சர்களும் மங்கையின் தாள்களும்

4-8-63, ஞாயிறு

ஆடி முடியப்போகிறது. ஒரு தூறல் இல்லை. கந்தர்வக்கோட்டை முந்திரிக் கன்றுகள் காய்வது பற்றிய செய்தி முடிந்தது. கவரை ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு.

திருச்சிப் பத்திரிகை ஆபீசுக்கு என் செய்திக் கவரை எடுத்துப்போவது பஸ் டிரைவர் சவரிமுத்து (இனி ச.மு.). ஆவூர்க்காரர். இத்தனை வருடத்தில் ஒரு கவர் தவறியதில்லை. இன்று முகம் சரியில்லை.

"அடுத்த ஞாயிறுக்கு அப்பறம் கவரை வேற ஆளுகிட்ட குடுங்க சார்."

"ஏன், என்ன ஆச்சு?"

"பஞ்சர் சார். மொதலாளி என்னைய நிறுத்தப் போறாரு."

பஸ் கம்பெனிக்கு ஆறு டிரைவர்கள். ஒரு வருடத்தில் முப்பத்தாறு பஞ்சர். அதில் பத்து ச.மு. ஓட்டியபோது. கைராசி இல்லாதவன் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பஸ் நேரம் தாண்டினால் முதலில் கேட்பதே, "யாரு ஓட்டுனது?" ச.மு. என்றால், "அதானே!" ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

சக டிரைவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "சவரி ஏறுனா ஸ்டெப்னி ரெண்டு கட்டணும்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ச.மு.வும் சிரித்தார். அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் மகள் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி.

மறக்காமல் வாங்க: பேனா மை, மண்ணெண்ணெய்.

5-8-63, திங்கள்

மை வாங்கினேன். மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள்.

ஷெட்டில் விசாரித்தேன். ஆறு பேருக்கும் ஒரே திருச்சி லைன். டிரிப்பும் சமம். வண்டிகளை வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே கெட்ட ரோடு, பழைய டயர் என்று ஒருவருக்கு மட்டும் அமையவில்லை. இது ச.மு.வுக்குச் சாதகமா, பாதகமா? புரியவில்லை.

சாப்பிடும்போது மங்கையிடம் சொன்னேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், என் மனைவி. ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்:

"ஆளுக்கு ஆறு பஞ்சர்னு சமமா வரணும்னு நெனைக்கிறாரா ஒங்க மொதலாளி?"

"சமமான ஆளுகன்னா சமமாத்தானே வரணும்?"

"நீங்களுமா? சாப்பிடுங்க. குலுக்கிப் பாத்துருவோம்."

6-8-63, செவ்வாய்

மாலை. புழுக்கம். மங்கையின் ஏற்பாடு: ஆறு சீட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண். ஆறு டிரைவர்கள் என்று அர்த்தம். ஒரு சொம்பு. ஒரு சீட்டு எடுத்தால் ஒரு பஞ்சர். முப்பத்தாறு எடுத்தால் கம்பெனிக்கு ஒரு வருடம். சொம்புக்குக் கைராசி கிடையாது, எல்லா எண்ணும் அதற்கு ஒன்றுதான். சிலேட்டில் எழுதிவைத்தாள்:

எடு. குறி. திரும்பப் போடு. குலுக்கு.

அவ்வளவுதான் மொத்த விதியும். தந்தியில் அனுப்பினாலும் குறைந்த கட்டணம். என் செய்தி ஒன்றுகூட இத்தனை சுருக்கமாக வந்ததில்லை.

ஒரு சீட்டுக்கு கிராப் தாளில் அந்த எண்ணுக்கு மேல் ஒரு கட்டம். கட்டங்கள் அடுக்கடுக்காக ஏறித் தூண்களாயின. முதல் தாளில் மூன்றாம் எண் ஒன்பது கட்டம். ஐந்தாம் எண் மூன்றே. இரண்டாம் தாளில் ஐந்தாம் எண்ணே உச்சத்தில், பத்து! சொம்பு அதே சொம்பு.

7-8-63, புதன்

மங்கைக்குப் பள்ளியில் மீட்டிங். நான் தனியாக ஒரு தாள் போட்டுவைத்தேன். ஆறு தூணும் ஆறு கட்டம், மட்டம் வைத்த மாதிரி. பெருமையாக நீட்டினேன்.

பார்த்த மாத்திரத்தில், "சீட்டைத் திரும்பப் போட்டீங்களா?"

போடவில்லை. சொம்பு காலியான பிறகுதான் ஆறையும் சேர்த்துப் போட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.

"இவ்வளவு அழகா வராதுங்க, தன்போக்குல விட்டா."

சிலேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆனால் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள்.

9-8-63, வெள்ளி

குலுக்கல் தாள் ஆறு முடிந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உயரம், யாரோ ஒருவர் குட்டை. ஒரு தாளில் பதினொன்று வரை போனது. கம்பெனியின் உண்மைக் கணக்கை அதே மாதிரி ஏழாவது தாளாக வரைந்தாள். பெயர் இல்லை. மற்றத் தாள்களிலும் எண்களை அழித்தாள். வெறும் தூண்கள்.

மண்ணெண்ணெய் கிடைத்தது.

11-8-63, ஞாயிறு

காலையில் முதலாளி வீடு. எனக்கும் மங்கைக்கும் மோர் வந்தது. ச.மு. வாசலில், வேப்ப மரத்தடியில். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மங்கை ஏழு தாளையும் மேஜையில் பரப்பினாள்.

"இதுல ஒண்ணுதான் ஒங்க கம்பெனி. எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

முதலாளி கண்ணாடியைப் போட்டார். கட்டங்களை எண்ணவில்லை, ரொம்ப நேரமும் எடுக்கவில்லை. பதினொரு கட்டத் தூண் மேல் விரலை வைத்தார். "இந்தா, இதுதான் டீச்சரம்மா. இந்த ஒசரம் வேற யாரு? அவனேதான்."

"அது எங்க வீட்டுச் சொம்புங்க."

பக்கத்தில் நின்ற கம்பெனிக் கணக்கப்பிள்ளை சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். முதலாளி இன்னொன்றைத் தொட்டார். அதுவும் சொம்பு. அப்போது மங்கை என் மட்டத் தாளை வெளியே எடுத்தாள்.

"ஆங், நல்ல கம்பெனின்னா இப்படில்ல இருக்கணும்!" என்றார்.

"இது ஒண்ணுதாங்க தப்பாக் குலுக்குனது. இவுகதான் போட்டாக."

முதலாளி என்னைப் பார்த்தார். மோரைக் குடித்தேன்.

பிறகு சற்றுக் கோபமாகவே, "அப்ப அவன் நல்ல டிரைவர்ங்கிறீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அவர் கெட்ட டிரைவர்னு இந்தப் பத்து பஞ்சர் சொல்லலை. அது மட்டும் தெரியும்."

ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெரிந்ததற்கு மேல் எழுதாதே என்று, இத்தனை வருடமாக ஆபீஸ் புதுப் பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலாளி, "பாப்போம்" என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வரும் வழியில் மங்கை புளிக்கு விலை கேட்டாள். நான்தான் நிலைகொள்ளாமல் நடந்தேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லவேண்டும்போல் இருந்தது.

12-8-63, திங்கள்

பஸ் ஸ்டாண்டு. ச.மு. காக்கியில்.

"டூட்டி போட்டுருக்காக சார். ஒண்ணும் சொல்லலை. கவரைக் குடுங்க."

கொடுத்தேன். உள்ளே இலுப்பூர்ச் சந்தை நிலவரம்.

13-8-63, செவ்வாய்

மேகம். மழை இல்லை. நேற்றைய கவர் தாமதம், இன்றைய பதிப்பில் என் செய்தி வரவில்லை. கீரனூர் தாண்டிப் பஞ்சராம். ச.மு. வண்டி. ஷெட்டுக்கு ஓடினேன். ச.மு. டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி வந்தாரா?"

"வந்தாரு சார். மொதல்ல கேட்டதே, குத்துனது லாடமா, ஆணியான்னுதான். ஆணின்னேன். போயிட்டாரு."