இரண்டாவது நாற்காலி

ஞாயிறு, இரவு

இன்று கபடி இறுதி ஆட்டத்தில் மகளுக்குக் கணுக்கால் பிசகியது. அவளுடைய கிளப்புக்குப் பயிற்சியாளர் என் கணவர்தான். மாநில அணிக்கு ஆடியவர். வீங்கிய காலில் ஸ்பிரே அடித்து, "கிளப்புக்குப் பணம் குடுக்குற பட்டாசுக் கம்பெனி மொதலாளி பாத்துக்கிட்டிருக்காக, எந்திரி தாயி" என்று மறுபடி இறக்கிவிட்டார்.

"ஏங்க, பிள்ளைக்கு வலிக்கிது."

"நானெல்லாம் வலிக்கு ஊசி போட்டுக்கிட்டே ஆடுனவன். சும்மா இரு."

அப்படி ஆடிய முழங்கால்தான் இப்போது மடங்குவதில்லை. நாங்கள் தரையில் உட்கார, அவர் மட்டும் நாற்காலியில் சாப்பிடுவார்.

இன்று மகளும் காலை மடக்க முடியாமல், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பன மாதிரியேல்ல!" என்று சிரித்தார்.

இன்று ஜெயித்த கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறார். நாளை பிள்ளையை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவரிடம் கேட்கப்போவதில்லை.