தொட்டித் தண்ணீர் என்ன கலர்?

ஏப்ரல் 3

வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தொலைக்கிறேன். இன்று காலை அவனியாபுரம் கிளினிக்கில் ஒரு பெண் டாக்டருக்கு என் பின்பக்கத்தைக் காட்டினேன். அதுகூடப் பரவாயில்லை. குப்புறப் படுத்த பிறகுதான் அந்தம்மா, "அண்ணே, என் கல்யாணப் பட்டு எடுத்துக் கொடுத்தது நீங்கதான?" என்று கேட்டார். எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்தாரோ, நான் கேட்கவில்லை. "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்றேன் படுத்தபடியே. ஆளை மறப்பேன், சேலையை மறப்பேனா?

உட்காரும் இடமெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பியிருக்கிறது. காரணம், எங்கள் மாடியில் இருக்கும் காற்றடைத்த வெந்நீர்த் தொட்டி. மாசி வீதி ஜவுளிக்கடை மெத்தையில் இருபத்தெட்டு வருஷம் சம்மணம் போட்டுச் சேலை விரித்ததில் முட்டி இரண்டும் போய்விட்டது. போன தீபாவளியோடு வேலையை விட்டேன். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மருமகன் ஜூடு, "மாமா, இதுல தினமும் அரை மணி நேரம் உக்காருங்க" என்று அனுப்பிவைத்தது இது. பட்டனைத் தட்டினால் தண்ணீர் சூடாகிக் குமிழ் விடும். மதுரையில், ஏப்ரல் மாதத்தில்!

பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இம்புட்டுப் பெரிய அண்டா? யாரு வீட்டுக் காதுகுத்து?" என்றாள். ஏரியா முழுக்கச் சொல்லியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் திருமங்கலம் வரைக்கும் சொல்லியிருப்பேன்.

"தண்ணிய டெஸ்ட் பண்றீங்களாண்ணே?" என்றார் டாக்டர்.

"பாப்பேன். பல்லி கிடந்தா எடுத்துப் போட்ருவேன்."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரி தெரசாவிடம் சொல்லவில்லை. மகள் ஆஷ்லினின் பிரசவத்துக்கு என்று ஆறு மாதம் போனவள். எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஏப்ரல் 4

பைபாஸ் ரோட்டில் நீச்சல்குளச் சாமான் விற்கும் சேக் இஸ்மாயில் பாய் கடைக்குப் போனேன். சாம்பிள் தண்ணீர் கொண்டுபோக வீட்டில் மூடியுள்ள பாட்டில் ஒன்றுதான் அகப்பட்டது. வேளாங்கண்ணியில் வாங்கியது, மாதா உருவத்தில், நீலக் கிரீடம்தான் மூடி. பாய் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, அலமாரியில் உயரத்தில் வைத்துவிட்டார்.

"பாய், டெஸ்ட்டு?"

"மாதா பாட்டிலுண்ணே. இதுல இருந்து எடுத்து மருந்து ஊத்த எனக்கு மனசு வராது. சோடா பாட்டில்ல கொண்டாங்க."

"உள்ள இருக்கிறது நான் உக்காந்து எந்திரிச்ச தண்ணி பாய்."

"ஐயையோ!" என்று அவர் இன்னும் கலங்கிப்போனார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் பரப்பினார். தண்ணீரில் முக்கிக் கலர் பார்க்கிற காகிதப் பட்டை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிற டப்பா. நம்பர் காட்டுகிற மெஷின். எதுவும் வேண்டாமென்றால் வாராவாரம் தண்ணீரை அவரிடமே கொண்டுவரலாம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைக் குழப்பியவன், இன்றுதான் குழம்புகிற பக்கம் நின்றேன். எந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ அதையே கேட்டேன்: "இதுல எது நல்லா ஓடுது?"

"ஓடுறது பட்டை. நம்பலாங்கிறது சொட்டு. மெஷினு சோம்பேறிக்குண்ணே."

பட்டை வாங்கினேன்.

ஏப்ரல் 5

பட்டையில் நாலு கட்டம். முக்கி எடுத்துப் பதினைந்து விநாடி கழித்து, டப்பாவில் உள்ள கலர்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ காலில் தெரசாவைக் கூப்பிட்டேன். அங்கே எட்டரை.

"என்னங்க அது, கையில ஐஸ் குச்சியா?"

"டெஸ்ட்டுடீ. மூணாவது கட்டம் என்ன கலருன்னு பாத்துச் சொல்லு. எனக்குப் பிடிபடல."

போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முழுத் திரையிலும் அவள் நெற்றிதான். "சாமந்தி" என்றாள். அப்புறம் எதற்கு டெஸ்ட் என்று கேட்டு, பொரி விஷயம் வெளியே வந்து, டாக்டரம்மா விஷயம் வெளியே வந்து, அவள் சிரித்த சிரிப்பில் பேரன் முழித்துக்கொண்டான்.

ஏப்ரல் 6

உள்ளதை எழுத வேண்டும். மூணாவது கட்டம் சாமந்தி இல்லை, செங்கல் கலர். கரண்ட் போன கடையில் வாடாமல்லியையும் கத்திரிப்பூவையும் பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கா பிடிபடாது?

ஏப்ரல் 12

முன்பெல்லாம் அவள் போன் இப்படித்தான்: "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன்." இப்போது எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆறு மணிக்கு நான் மாடியில் தயார், அவள் அங்கே தயார்.

ஆனால் பட்டை சட்டென்று முடிந்துவிடுகிறது. இன்று இரண்டாவது கட்டத்திலேயே பிள்ளை அழ, வைத்துவிட்டாள்.

திரும்பவும் பாய் கடை. "சொட்டு மருந்து எம்புட்டு நேரம் ஆகும் பாய்?"

"மொத்தமும் பாத்தா பத்து நிமிஷம் ஆயிரும்ணே. அதான் சனங்க வாங்குறதில்ல."

"குடுங்க."

"பத்து நிமிஷம்ணே" என்றார் மறுபடியும், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து.

ஏப்ரல் 14

சொட்டு அருமை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பொடியைப் போட்டால் ரோஸாகிறது. பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போக வேண்டும். எத்தனையாவது சொட்டில் ரோஸ் போய் வெளுக்கிறதோ, அதுதான் குளோரின் கணக்கு. நான் சொட்டு விட, அவள் எண்ண. நடுவில் தலைக்கு மேலே பிளேன் இறங்கியதில் கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஏர்போர்ட் பக்கத்தில் வீடு வாங்கியதற்கு முதல்முறையாகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. கோயிலில் கஞ்சி. டெஸ்ட் இல்லை. அதனால் போனும் இல்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 26

தொட்டி மண்டையைப் போட்டுவிட்டது. பாய் வந்து மோட்டாரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில். "நம்ம போர்த் தண்ணியச் சூடு பண்ணுனா சுண்ணாம்பு கட்டாமே என்ன செய்யும்? இம்புட்டு டெஸ்ட் எடுத்தீங்களே, உப்பு எவ்ளோன்னு ஒருநாளாச்சும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதில் ரோஸ் கலர் வராது.

தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். ஆறு மணி ஆயிற்று. என்ன செய்வது? அடுப்படிக் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்து, தொட்டிக்குப் போடும் குளோரின் பொடியில் ஒரு சிட்டிகை கலந்துகொண்டு மாடியில் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மனசாட்சி உறுத்தியது. ஆனால் தண்ணீர் நன்றாகவே ரோஸாயிற்று.

மே 3

முதல் சொட்டு விட்டேன். குழாயில் அப்படியே வாடாமல்லி, கல்யாண வீட்டுக் கலர். "வெளுத்துருச்சுங்க" என்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. சும்மா பார்ப்போமே என்று மருந்துப் பாட்டிலின் நீல மூடியைக் காட்டி, இது என்ன கலர் என்றேன். "பச்சை."

பாக்கவே இல்ல. போன எங்கிட்டாவது சாத்தி வச்சுட்டு வாய்க்கு வந்ததச் சொல்றா. எத்தன நாளா இப்படி? நான் ஒருத்தன் மாடியில சொம்பும் குழாயுமா உக்காந்து – யாருக்காக? வரமாட்டாளோ? பேரன் இருக்கான், நல்ல குளிரு, குழாயில நல்ல தண்ணி. இங்க என்ன இருக்கு? நானும் ஓட்டைத் தொட்டியும்.

தொட்டிகூட இல்லை.

மே 7

ஜூடுவின் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொடுத்துவிட்டார்கள். உள்ளே நம்பர் காட்டுகிற மெஷின். ஆஷ்லின் போனில், "இனிமே அம்மாவத் தொந்தரவு பண்ண வேணாம்ப்பா. நீங்களே பாத்துக்கலாம்" என்றாள்.

தொந்தரவு. யார் சொன்ன வார்த்தை அது? மகள் வார்த்தையா, அவள் அம்மா வார்த்தையா?

ஆறு மணிக்குத் தெரசாவிடம் சொன்னேன். "மெஷினு வந்துருச்சு. இனிமே உனக்கு வேலை இல்ல."

"அப்ப சாயங்காலம்?" என்றாள்.

"சாயங்காலம் என்ன?"

"ஒண்ணுமில்ல. மாத்திரை போட்ருங்க."

மே 9

சொம்புத் தண்ணீருக்கு மெஷினில் 7.4 வந்தது. பாய் சொன்ன கணக்குப்படி அருமையான தண்ணீர். யாரிடம் சொல்ல?

மே 11

தாமரைச்செல்வி கேட்டாள்: "என்னண்ணே, சாயங்காலம் மாடியில சத்தத்தையே காணோம்? அண்ணியோட சண்டையா?" இல்லை என்றேன். "எனக்கே ஒரு மாதிரியா இருக்குண்ணே. எண்ணுறத தினமும் கேட்டுக்கிட்டே மாவாட்டுவேன்" என்றாள்.

மே 16

காலையில் ஆஷ்லின். "அம்மா வர்ற வியாழக்கிழமை வாராங்கப்பா. டிக்கெட் போட்டாச்சு."

"ஏன், என்னாச்சு?" என்றேன், வரக்கூடாது என்பதுபோல.

"ரெண்டு கண்ணுலயும் புரைப்பா. ஆபரேஷன் பண்ணணும். இங்க பண்ணலாம்னா கேட்டாத்தான? கண்ணுக்கு மதுரைய விட்டுட்டு இங்கிட்டு எதுக்குங்கிறாங்க."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாப்பா. எல்லாமே மங்கலா, பழுப்பாத்தான் தெரியுதாம். அப்பாட்ட சொல்லிறாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நான்தான் பாவம்னு மெஷின் வாங்கி அனுப்புனேன்."

மத்தியானம் தொட்டியைப் படிக்கு அடியிலிருந்து இழுத்து மாடியில் விரித்தேன். எலி இரண்டு இடத்தில் கடித்திருக்கிறது. தாமரைச்செல்வி எட்டிப் பார்த்து, "அண்ணி வாராகளா?" என்றாள். யார் சொன்னதோ.

இங்கே டாக்டரிடம் காட்டுவதற்காக ஆஷ்லின் அங்கத்திய சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை என்று எழுதியிருக்கிறதாம். தேதியை மட்டும் நானே படித்துக்கொண்டேன். மார்ச் 11.

நான் முதல் பட்டையைக் காட்டியது ஏப்ரல் 5.