அன்னார் நானே

2025 பெப்ரவரி 10, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடு.

கொழும்பு பஸ் விடியவே கொண்டுவந்து இறக்கிவிட்டது. பஸ் நிலையத்தடியில் மான்கள் வழக்கம்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. என்னை அதிசயமாகப் பார்க்காதவை அவை மட்டும்தான். ஓட்டோக்காரர் ஒருவர் என் முகத்தைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கூலி பேசாமலே வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

தங்கை ஜெனிதாதான் கேற்றைத் திறந்தாள். பின்னால் வந்த அம்மா முதலில் என் கால்களைப் பார்த்தார். நிலத்தில் படுகிறதா என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு குசினி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தேத்தண்ணியைக்கூட ஜெனிதாவிடம்தான் கொடுத்தனுப்பினார்.

பெப்ரவரி 11

நடந்ததை ஒருமுறை நேராக எழுதிப் பார்க்கிறேன். சுற்றி வளைத்து எழுதினால் எனக்கு நானே நல்லபிள்ளை ஆகிவிடுவேன்.

கணக்கியல் படிக்க லண்டன் போய், அதை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தவன் நான். குரலுக்கு ஒரு ஆசிரியை, உடம்புக்கு ஒருவர், மூச்சுக்கென்று தனியாக ஒருவர். படித்து முடித்ததும் மேடை. பெரிய மேடைகள்தான். ஆனால் நான் அதில் கதவு திறக்கிறவன், தட்டு ஏந்துகிறவன், கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிறவன். பிறகு தொலைக்காட்சி. அங்கே ஒருநாள் பிணமாகக் கிடக்க வேண்டியவர் வரவில்லை, என்னைக் கிடத்தினார்கள். நன்றாகக் கிடந்தேன். அன்றிலிருந்து சாவுதான் எனக்குத் தொழில். “துப்பறியும் தொடர்களில் நடிக்கிறேன் அம்மா, கதையே என்னைச் சுற்றித்தான்” என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யென்று சொல்ல முடியாது. பிணத்தைச் சுற்றித்தானே கதை.

போன வருடம் எடுத்த தொடரில் நான் ‘கடைப் பையன்’. முப்பத்தெட்டு வயதில் பையன். லண்டனில் ஒரு தமிழ்க் கடைக்குள் செத்துக் கிடக்கிறேன். அடுத்த காட்சியில் கடைக் கண்ணாடியில் என் மரண அறிவித்தல் ஒட்டியிருக்கவேண்டும். கலைப்பகுதிப் பெண் ஒருத்தி கணினியில் அடித்துக் கொண்டுவந்தாள். கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம். தமிழென்று சொல்லவே கூச்சமாக இருந்தது. நான் செய்து தருகிறேன் என்றேன். போனில் அப்பாவின் அறிவித்தல் இருந்தது, அவர் போனபோது ஜெனிதா அனுப்பியது. அதைத்தான் மாற்றி எழுதினேன்.

செத்தவருக்கு என்ன பெயர் என்று அந்தப் பெண் கேட்டாள். கதையில் கடைப் பையனுக்குப் பெயரே இல்லை. என் பெயரைக் கொடுத்தேன்.

ஏன்? உலகத்தில் வேறு பெயரா இல்லை? எழுதடா றெக்சன். என் பெயர் ஒருநாளும் திரையில் பெரிதாக வந்ததில்லை. முடிவில் எறும்பு போல ஓடும், அதுவும் எல்லோரும் எழும்பிப் போன பிறகு. இது தமிழில், தடித்த எழுத்தில், என் படத்தோடு. ஆசை. அவ்வளவுதான். படத்தையும் நானே கொடுத்தேன், வாய்ப்புக் கேட்டு அனுப்புகிற நல்ல படமாகப் பார்த்து.

“திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட பேணாட் றெக்சன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற பேணாட், மாகிரட் தம்பதிகளின் அன்பு மகனும், ஜெனிதாவின் பாசமிகு சகோதரனும் ஆவார்.”

இந்த ஜனவரியில் தொடர் வெளிவந்தது. கனடாவில் என்னோடு படித்த ஒருவன் அந்த அறிவித்தலை மட்டும் வெட்டி எடுத்து, “எங்கட றெக்சனோ?” என்று வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். திருகோணமலைக்கு வந்து சேர்வதற்குள் கேள்விக்குறி விழுந்துவிட்டது. நான் செத்துக் கிடக்கிற காட்சியையும் யாரோ வெட்டி அனுப்பினார்கள். அது கடைக் கமராவில் பதிந்தது போல மங்கலாக எடுத்தது. நடிப்பென்று ஒருவரும் நினைக்கவில்லை. பார்த்த சனத்திடமிருந்து என் நடிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அன்று நான் இன்னொரு தொடருக்காகச் செத்துக்கொண்டிருந்தேன். போன் அணைத்தபடி என் உடுப்புப் பெட்டிக்குள் கிடந்தது. மத்தியானம் தாண்டி எடுத்து, வந்து குவிந்திருந்த அனுதாபங்களைப் பார்த்து, பயந்து வீட்டுக்குப் போன் அடித்தேன். ஜெனிதா என் குரலைக் கேட்டதும் வீரிட்டுக் கத்திப் போனைக் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் சனம் கூடி எனக்காகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 12

அம்மா இன்றும் பேசவில்லை. எனக்குப் பிடித்த சூடை மீன் பொரியல். தட்டு வைத்த சத்தம்தான் கொஞ்சம் பலமாக இருந்தது.

பெப்ரவரி 13

வெளியே போனேன். எத்தனை நாளைக்கு ஒளிந்திருப்பது.

எதிர்வீட்டுச் சோமசேகரம் ஐயா கேற்றடியிலேயே பிடித்துக்கொண்டார். கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, பிழையா நினைக்காதையும்” என்று தொடங்கினார். “காலஞ்சென்ற பேணாட், மாகிரட் தம்பதிகளின் எண்டு எழுதினால் ரெண்டு பேரும் செத்ததாத்தான் சனம் எடுக்கும். அம்மாவின்ரை பேரை முன்னுக்குப் போட்டிருந்தால் அவவாவது தப்பியிருப்பா.”

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல இருந்தது. ‘காலஞ்சென்ற’ என்ற அந்த ஒரு சொல்லால் சாம்பல்தீவுச் சொந்தக்காரர் வாடகை வான் பிடித்து, இரண்டு மலர்வளையங்களோடு வந்திறங்கினார்களாம். கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கண்டு சின்னம்மா மயங்கி விழுந்தாராம். ஜெனிதா இதை எனக்குச் சொல்லவேயில்லை.

சந்தியில் பெரிய பதாகை கட்டியதும் ஐயாதான். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று போட்டு, நான் கொடுத்த அதே படம், ஆள் உயரத்துக்கு. என் வாழ்க்கையில் எனக்கென்று அடித்த முதல் போஸ்டர். “நல்லா வந்திருந்ததோ?” என்று கேட்க வாயெடுத்து விட்டேன். வெட்கம் கெட்டவன்.

பதாகை இப்போது மஹ்ரூப்பிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், மீன் இறங்குதுறையில் ஐஸ் விற்கிறான். மீன் பெட்டிகளுக்கு மேல் என் முகத்தை விரித்திருந்தான்.

“வா மையித்து, பிளேன்ரீ குடிப்பம்” என்றான். அவர்கள் பேச்சில் மையித்து என்றால் பிணம். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “அண்டைக்கு உங்கட வாசல்ல பந்தல் போட்டது நான்தான் மச்சான். ஒரு கம்பையும் நேரா நட ஏலல்ல” என்றான்.



பெப்ரவரி 15, சனி

அம்மா பேசிவிட்டார்! இடியப்பம் அவித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி.

“அண்டைக்கு வந்த சனம் எல்லாற்றை வீட்டுக்கும் போ. போய் முகத்தைக் காட்டிப்போட்டு வா.”

“அம்மா, நான்...”

“செத்தவீட்டுக்கு வந்தவைக்கு நன்றி சொல்லுறது முறை. உன்னையும் சாக்காட்டி என்னையும் சாக்காட்டினனி, முறையையாவது செய்.”

நன்றி நவில அன்னாரே நேரில் போகிறார். வேறு எந்தக் குடும்பத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

பெப்ரவரி 18

வீடுவீடாகப் போகிறேன். எல்லா வீட்டிலும் ஒரே சடங்கு. முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள், பிறகு தாங்கள் எப்படி அழுதார்கள் என்று சொல்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறேன். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டார். அவர்தான் சரி.

இன்று மஹ்ரூப்பின் தாயார் நஜ்முன் நிஸாவிடம் போனேன். அடுப்பு மூட்டாத வீடென்று அன்றைக்கு எங்கள் வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்பியது அவர்தான். என்னை இருத்தி வட்டிலப்பம் வெட்டி வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு சொன்னார்.

“உங்கட உம்மா அழல்ல மகன். சனமெல்லாம் கத்துது, அவட கண்ணில ஒரு சொட்டு வரல்ல. தங்கச்சிட போன வாங்கி, நீங்க கடைக்குள்ள விழுந்து கிடக்கிறதத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தா. ‘புள்ளைக்குக் கிட்ட ஒருத்தரும் இல்லையே’ண்டா. பொழுதுபடுமட்டும் அதுதான் கதை.”

அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம். பொலிஸ்காரராக நடித்தவர் என்னைக் கடந்து போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவருடைய சப்பாத்து என் முகத்துக்கு மேலால் போனது. நான் இமைகூட அசைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதைத்தான் அம்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சீ.

பெப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்குப் போனோம். என் ஆன்மாவுக்காக ஏற்கெனவே ஒரு பூசை வைத்தாகிவிட்டது. பாதர் சிரித்தபடி, “வீணாப் போகாது றெக்சன், ஆள் இல்லாத ஆன்மா ஆருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. வரும் வழியில் என் குடைக்குள்ளும் வரவில்லை. வெயிலிலேயே நடந்தார்.

பெப்ரவரி 26

லண்டனில் எனக்கு வேலை பிடித்துத் தருகிற பெண்மணி எழுதியிருக்கிறார். புதுத் தொடர். பிணம்தான். ஆனால் முகத்தை மிகக் கிட்டத்தில் காட்டுவார்களாம், என்னைத்தான் வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்டார்களாம்.

ஒரு நிமிடம் துள்ளிக் குதித்தேன். ஆம், குதித்தேன். பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

ஜெனிதாவிடம் மெல்லச் சொன்னேன். பள்ளிக்கூடத்தால் வந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தவள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அண்ணா, உங்களுக்கு உயிரோட ஒரு வேலையும் கிடைக்காதோ?”

கோபத்தில் கேட்டாளா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாளா? கண் கலங்கியிருந்தது.

மார்ச் 1, சனி

இதை எழுதிவிடவேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ஜெனிதா விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மா கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை எப்பிடிச் செய்யிறனி?”

“எதை அம்மா?”

“சாகிறதை.”

சொல்லத் தொடங்கினேன். மூச்சை நெஞ்சால் விடக்கூடாது, முதுகுப் பக்கமாக இறக்கவேண்டும். கழுத்து நரம்பு துடிப்பது கமராவுக்குத் தெரியாதபடி முகத்தைக் கொஞ்சம் திருப்பவேண்டும். எச்சில் விழுங்கக்கூடாது. லண்டனில் நாடகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் வகுப்பெடுத்திருக்கிறேன், எவ்வளவு தோரணையாக. இங்கே பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

“கதை வேண்டாம். செய்து காட்டு.”

சீமெந்துத் தரையில் படுத்தேன். அம்மா என் நாடகம் ஒன்றும் பார்த்ததில்லை. ஒரு மேடைக்கும் நான் அவரை அழைத்ததில்லை, அழைத்திருந்தால் தட்டு ஏந்துவதைத்தான் பார்த்திருப்பார். இதுதான் அவருக்கு முதல் காட்சி. எத்தனையோ மேடை ஏறியவன், இப்படி நடுங்கியதில்லை. கண்ணை மூடி மூச்சை இறக்கினேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிய சத்தம் கேட்டது.

கதிரையைப் பின்னால் அரக்கிய சத்தம். முழங்கால் நெரிய நெரிய அம்மா கீழே இறங்கி எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் கால்களை நேராக்கிச் சேர்த்து வைத்தார். கைகளை எடுத்து நெஞ்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தன் கையை அதன்மேல் வைத்தார். வாய்க்குள் செபம் சொன்னார். பாதியில் அது நின்றது.

“என்ரை பிள்ளை” என்றார். அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்தது.

எழும்புவதா? அங்கேயென்றால் ஒருவர் ‘கட்’ சொல்லுவார். இங்கே யார் சொல்லுவது? எழும்பினால் அம்மாவிடமிருந்து எதையோ பறித்தது போலாகிவிடும் என்று பட்டது. கிடந்தேன். அவருடைய கை என் கைமேலேயே இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்க நான் செத்தது இதுதான் முதல் தடவை. மூச்சு கட்டுக்குள் நின்றது. கண் நிற்கவில்லை. ஓரத்தால் வழிந்து காதுக்குள் போனது.

அம்மா சட்டைக் கையால் அதைத் துடைத்தார்.

“செத்தவன் அழமாட்டான். பிழையாச் செய்யிறாய். எழும்பு தம்பி.”

எழும்பி இருந்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா” என்றேன். “சேட்டெல்லாம் புழுதி, கழட்டித் தா, தோய்க்கவேணும்” என்றார்.

மார்ச் 6

பயணம். நேற்றைய விபூதிப் புதனின் சாம்பல் அம்மாவின் நெற்றியில் இன்னும் மங்கலாக இருந்தது. கேற்றடிவரை வந்தார்.

“அந்த வேலைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டியோ?”

ஜெனிதா சொல்லியிருக்கவேண்டும். நான் தலையைக் குனிந்தேன். வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்?

“சரி. இனிச் சாகிறதெண்டால் முதலே போனில கோல் எடுத்துச் சொல்லிப்போட்டுச் சா” என்றார்.

மார்ச் 25, லண்டன்

படப்பிடிப்பு. ஒப்பனைக்குப் போகமுதல் வீட்டுக்கு அடித்தேன்.

“அம்மா, இண்டைக்குச் சாகிறன்.”

“எத்தினை மணிக்கு?”

“இன்னும் கொஞ்சத்தில. முடிய உங்களுக்கு இருட்டிப்போம்.”

“என்ன வருத்தம் வந்து சாகிறாய்?”

“நோயொண்டுமில்லை. கத்திக்குத்து.”

“ம். சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

“கிட்ட ஆரும் இருக்கினமோ?”

இதைத்தான் கேட்பார் என்று தெரியும். நேற்று இயக்குநரிடம் கேட்டிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு இயக்குநரிடம் நான் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம். பிணம் வாய் திறந்ததும் அவர் திகைத்துப் போனார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

“தாதியா நடிக்கிற பிள்ளை ஒண்டு பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சிருக்கும் அம்மா.”

“என்ன பேர்?”

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம், கேட்கத் தோன்றவில்லை. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“உன்ரை கையைப் பிடிக்கப்போற பிள்ளை. பேரைக் கேள். செத்து முடிஞ்சு எழும்பின கையோட எனக்குக் கோல் எடு.”

கேட்டேன். ஹெலன். குளிர்ந்த கை அவளுக்கு.

முடிந்ததும், பூசிய இரத்தத்தைக் கழுவமுதல் அடித்தேன். போனின் முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை. அம்மா எடுத்துவிட்டார்.