உன் சுவரில் ஏறிய நாடகங்கள்

இன்று காலை கோயில் திருவிழா நோட்டீசு ஒட்ட வந்தவர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டு முன்சுவரில் பசையை அள்ளிப் பூசிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பசை, கோதுமை மாவில் பூச்சி வராமல் துத்தம் போட்டுக் காய்ச்சியது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் இவ்வளவு காலமாகியும், அந்த வாடை வந்தால் முழங்கை வரைக்கும் பசையோடு நீதான் வந்து நிற்கிறாய்.

நாம் இருந்தது தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயம், வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நீ மலையில் கொழுந்து பறித்தாய், நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், நீங்கள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு சேர்ந்தே ஹட்டன் டவுனுக்குப் போவோம். எனக்குக் கண்ணெல்லாம் கருவாட்டிலும் பூப்போட்ட சீத்தைத் துணியிலும் இருக்கும். நீ மட்டும் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வருவாய். மற்ற பெண்கள் தோடு சேர்த்தார்கள், பித்தளைச் சாமான் சேர்த்தார்கள். நீ நாடகச் சுவரொட்டி சேர்த்தாய்.

டவுனில் அப்போது ஒரு நாடக மண்டபம் இருந்தது. கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குழுக்கள் வந்து ஆடிவிட்டுப் போகும். ஒவ்வொரு நாடகத்துக்கும் மண்டபத்துக்காரர் ஓர் ஓவியரை வைத்துப் பலகையில் படம் செதுக்குவார். பல நிற மை தடவி, தடித்த தாளில் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி எடுப்பார்கள். மண்டப வாசலுக்கு, ஸ்டேஷனுக்கு, பஸ் நிற்குமிடத்துக்கு, நாலைந்து கடைகளுக்கு. அதற்கு மேல் அடிப்பதில்லை. பிறகு அதே பலகையை இழைப்புளியால் இழைத்துவிட்டு அடுத்த நாடகத்தைச் செதுக்குவார்கள். ஒருநாள் மண்டபத்தின் பின்பக்கம் அதை நாம் நேரிலேயே பார்த்தோம். கிரீடம் வைத்த ஒரு முகம் சுருள் சுருளாகத் தரையில் உதிர்ந்தது. நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா புள்ள, இனிமே யாரு நெனச்சாலும் அந்தப் படம் இன்னொண்ணு வராது. எடுத்து வச்சவங்ககிட்ட இருக்கிறதுதான்” என்றாய். உன் குரல் சாமி முன்னால் நிற்பவளுடையது போல் இருந்தது.

நாடகம் தொடங்குகிற நேரத்துக்கு நம் கடைசி பஸ் போயிருக்கும். அதனால் ஒரு நாடகத்தையும் நாம் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்த ஞாயிறு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேநீர்க்கடை வாசலில் போய் நிற்பாய்.

“மொதலாளி, ஆட்டந்தான் முடிஞ்சிருச்சுங்களே. அந்தப் படத்தக் கிழியாம எடுத்துக்கிறேங்க.”

“எடுத்துக்க புள்ள. நீ வருவேன்னுதான் மழை படாத பக்கமா ஒட்டச் சொன்னேன்” என்று காசிம் முதலாளி சிரிப்பார்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை என்ன செய்தாய்? பத்திரமாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாயா? அடுப்படிக்கு எதிர்ச் சுவரில், ஏற்கெனவே இருந்த படத்தின் மேலேயே பசை பூசி ஒட்டினாய். புது நாடகம் வந்தால் பழையதன் தலையில் புதியது. “அடி பைத்தியக்காரி! ஒலகத்துல இன்னொண்ணு இல்லேங்குற, அதுக்கு மேலேயே பசையத் தடவுற. ஒனக்கு மண்டையில என்னதான் இருக்கு?” என்று கத்துவேன். நீ பசையை வழித்துக்கொண்டே சொல்வாய், “மேட ஒண்ணுதானே புள்ள? ஒரு ஆட்டம் எறங்கினாத்தானே அடுத்தது ஏறும்.” தலையில் அடித்துக்கொண்டு என் காம்பராவுக்குப் போய்விடுவேன்.

வருடங்கள் ஓடின. சுவரில் தாள் ஏறி ஏறிப் பலகையாகிவிட்டது. அப்போதுதான் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வந்து சொன்னார், “வர்ற கெழம பழைய லயத்த ஒடைக்கிறாங்க. சாமான் சட்டியெல்லாம் எடுத்துருங்க.” புது லயம் கிடைக்கிறதென்று எல்லாருக்கும் வாயெல்லாம் பல். உன் முகம் மட்டும் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலம் நீ சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். விரல் நுனியில் இரத்தம் கசிந்திருந்தது. “எனக்கு அடியில இருக்கிறது வேணும் புள்ள. மொதப் படம்” என்றாய். ஏன் என்று கேட்டேன். நீ அப்போது சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் பால் காய்ச்சும் பெரிய அண்டாவை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாக்கை நனைத்துச் சுவரில் ஒற்றினோம். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே இருந்தது புகையில் கரிந்து கிடந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அது உரிந்ததும் அடியில் ஒரு யானை வந்தது பார், அம்மாடி! நேற்று அடித்ததுபோல் நீலம். புகையும் பனியும் மேல் தாளோடு நின்றுபோயிருந்தன. அதற்கடியில் தேர். அதற்கடியில் வாளை ஓங்கிய கை, கை மட்டும். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உரித்த தாளைத் திருப்பிப் பார்த்தால், அடியிலிருந்த படத்தின் மை அதன் முதுகில் மங்கலாக ஏறியிருந்தது. நான் பிறந்ததிலிருந்து எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். அன்று அந்தச் சுவரின் முன்னால் நின்ற மாதிரி எங்கும் நான் நின்றதில்லை.

கடைசிக்கு முந்தின தாளில் சாக்கை ஒற்றும்போதுதான் நீ வாய் திறந்தாய். உன் அம்மா உன் தம்பியோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போன நாளில் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் தலையில் மூட்டையோடு கீழே ரோட்டில் நடந்து போனதை மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே பார்த்திருக்கிறாய். அடுத்த மாதம் டவுனில் அந்த முதல் படம். தலையில் சிவப்பு மூட்டையோடு, பக்கவாட்டில் முகம் தெரிய நடந்து போகும் ஒருத்தி. “எங்கம்மாதான் புள்ள. நடையே அவங்க நடை. ஆசையா ஒட்டிட்டேன். ஆனா வாசப் பக்கம் பாத்து நடக்குறாங்க. காலையில எந்திரிச்சா போறாங்க, ராவுக்குப் படுத்தாலும் போறாங்க. தாங்க முடியல. அதான் மேல ஒண்ண ஒட்டி மூடுனேன்.”

மூடின பிறகு அந்த இடத்தை வெறுமனே விட உனக்குப் பயம். அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்று. மேடை, ஆட்டம் என்றெல்லாம் என்னிடம் அளந்தது அவ்வளவும் இதற்காகத்தான்.

நான் ஓரத்தைப் பிடித்து உரித்தேன். அடியில் படம் இல்லை. ஈரச் சுவரோடு ஒட்டியிருந்த தாள் மண்ணாகிப் போயிருந்தது, தொட்டதும் கொட்டியது. அந்த மண்ணை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உன்னை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல், கையிலிருந்த தாளை நான் சும்மா திருப்பினேன்.

அதன் முதுகில் உன் அம்மா இருந்தார்கள். மூட்டை, மூக்கு, எடுத்து வைத்த கால், எல்லாம் அப்படியே. சிவப்பு மட்டும் செங்கல் நிறமாக மங்கியிருந்தது. நான் தாளை அதே சுவரில், அதே இடத்தில் வைத்துப் பிடித்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். எல்லாருக்கும் முன்னால் உனக்குத்தான் புரிந்தது. மை இடம் மாறியதில் வலது இடதாகிவிட்டது. வாசலைப் பார்த்து நடந்தவர்கள் இப்போது வாசலிலிருந்து வீட்டுக்குள் நடந்தார்கள்.

“அம்மா உள்ள வாராங்க புள்ள” என்றாய். வாசலை அடைத்து நின்ற பெண்கள், யாரும் சொல்லாமலே, விலகி வழி விட்டார்கள்.

புது லயத்தில் நீ அதன் மேல் எதையும் ஒட்டவில்லை. பசையே வேண்டாமென்று ஆணி அடித்து மாட்டினாய். நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மற்ற படங்களை அவள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இது ஒன்று போதும். என் கட்டிலுக்கு எதிரே, வாசலை ஒட்டி மாட்டியிருக்கிறேன். நான் அந்த லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருமுன்பே போய்விட்ட உன் அம்மாவை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தக் காலை எடுத்து வைக்கிற விதம் எனக்குத் தெரியும். கூடையோடு மலையிலிருந்து இறங்கி, என் வாசலில் வந்து நிற்பாயே, அதே கால்.

போன வாரம் என் மருமகள் தூசு தட்டும்போது தாளின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டாள். பச்சையும் மஞ்சளுமாக ராஜசபை, நல்ல எடுப்பான படம்தான். “அத்த, இந்தப் பக்கம் எவ்வளவு அழகா இருக்குங்க. திருப்பி மாட்டட்டுங்களா?” என்று கேட்டாள்.

“திருப்பாத புள்ள” என்றேன். “அவ வந்துக்கிட்டு இருக்கா.”